பழைய அணிக்குத் திரும்பும் மூத்த ரிசீவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஜூலை கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும். அந்த நேரத்தில் வருடாவருடம் ஒரு செய்தி வரும்: முப்பதைத் தாண்டிய ரிசீவர் ஒருவர் தன் பழைய அணியோடு மறுபடி ஒப்பந்தம் போட்டுவிட்டார். உடனே நண்பர்கள் வட்டத்தில் அதே சந்தேகங்கள் கிளம்பும். 'இனி அவரால் முடியுமா?' 'கூப்பிட்டது பாசத்தாலா, வேறு ஆள் இல்லாததாலா?' திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டத்துக்குப் புதியவர்கள் முதல் கேள்வியிலிருந்து வரலாம். மற்றவர்கள் நேராக நான்காவதுக்குப் போய்விடலாம்.

1. "இது நாம பார்க்கிற ஃபுட்பால் இல்லையே, அதுல ரிசீவர்னா யாரு?"

என்எஃப்எல் என்பது 32 அணிகள் ஆடும் அமெரிக்கத் தொழில்முறை லீக். பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். எதிரணிப் பக்கத்துக் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள்.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் ரிசீவர். அவர் மனம்போன போக்கில் ஓடுவதில்லை. எத்தனை அடி நேராக ஓட வேண்டும், எந்த இடத்தில் வெட்டித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அந்தப் பாதைக்கு ரூட் என்று பெயர். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடுவார். இருவருக்கும் நடுவே கணக்கு அரை நொடி பிசகினாலும் பந்து எதிரணியின் கைக்குப் போகும். பின்னால் வரும் பதில்கள் பலவும் இந்த அரை நொடியைச் சார்ந்தவை.

2. "30 வயசுக்கே வெடரன்னு சொல்றாங்களே, அதெல்லாம் ஒரு வயசா?"

இந்த ஆட்டத்தில் அது பெரிய வயதுதான். முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, அதே நொடியில் நூறு கிலோ ஆள் மோதுவதைத் தாங்க வேண்டும். தொடையின் பின்தசையும் கணுக்காலும் வருடத்துக்கு வருடம் கடன் ஏற்றிக்கொண்டே போகும். விதிப்புத்தகம் வயதைப் பார்ப்பதில்லை. நான்கு பருவங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டால் ஒருவர் முழு உரிமை பெற்ற மூத்த வீரர் ஆகிவிடுவார். இந்த நான்கு என்ற எண்ணை நினைவில் வையுங்கள், 14, 15ஆம் கேள்விகளில் வரும்.

விதிவிலக்குகள் உண்டு. ஜெர்ரி ரைஸ் 2002இல் ரெய்டர்ஸ் அணிக்காக 92 பந்துகளைப் பிடித்து 1,211 யார்டு எடுத்தார். அந்தப் பருவத்தின் நடுவில்தான் அவருக்கு 40 வயது நிறைந்தது. ஆனால் ரைஸை வைத்து மற்றவர்களை அளப்பது சரியில்லை. அவரைப் போல இன்னொருவர் வரவில்லை.

3. "வயசானா முதல்ல எது போகும்?"

வேகம்தான் முதலில் போகும், அதுவும் ஒரேயடியாகப் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வேகம் அப்படியே இருக்கும், அடுத்த மூன்று வாரம் தசைப்பிடிப்போடு வெளியே உட்கார வேண்டிவரும். முதலில் குறைவது உச்ச வேகம் என்பதைவிட, வாராவாரம் அதைத் தரும் திறன் என்று சொல்வதே பொருத்தம்.

கடைசி வரை நிற்பது ரூட் ஓடும் நுட்பம். எதிரே நிற்கும் தடுப்பாளரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மறுபக்கம் வெட்டுவதற்கு மின்னல் வேகம் தேவையில்லை. அதனால் ஒரு மூத்த ரிசீவர் திரும்புகிறார் என்றால், அவர் இவ்வளவு காலம் எதை வைத்துப் பிழைத்தார் என்பதை நான் முதலில் பார்ப்பேன். வேகத்தை வைத்தா, நுட்பத்தை வைத்தா?

4. "அனுப்பின டீமே ஏன் திரும்பக் கூப்பிடுது? அப்போ எதுக்கு அனுப்பினாங்க?"

பல நேரங்களில் அனுப்பியவரும் கூப்பிடுபவரும் வேறு வேறு ஆட்கள். பிலடெல்பியா ஈகிள்ஸின் டீஷான் ஜாக்சன் 2013இல் 82 பந்துகளைப் பிடித்து 1,332 யார்டு எடுத்தார். அதுவே அவருடைய வாழ்நாள் உச்சம். அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் சிப் கெல்லி. 2015 டிசம்பரில் கெல்லியே வெளியேற்றப்பட்டார். புதிய பயிற்சியாளர் டக் பீடர்சனின் காலத்தில், 2019 மார்ச்சில், டாம்பா பே அணியிடமிருந்து டிரேட் (அணிகள் தங்களுக்குள் வீரரை மாற்றிக்கொள்வது) மூலம் ஜாக்சன் திரும்பினார்.

இரண்டாவது காரணம் திடீரென்று விழும் ஓட்டை. முன்னணி ரிசீவருக்குக் காயம், அல்லது தடை. புதிய ஆளுக்குப் பிளேபுக், அதாவது அணியின் ஆட்டத் திட்டங்கள், சொல்லித்தர நேரம் இருக்காது, தெரிந்தவரைத் தேடுவார்கள். மூன்றாவது காரணம், குவார்ட்டர்பேக் நேராகக் கேட்பது. செய்தியில் 'வீடு திரும்பினார்' என்று எழுதுவார்கள். அதன் அடியில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

5. "சரி, யாராவது நிஜமாவே திரும்பி வந்து நல்லா ஆடியிருக்காங்களா?"

டீயான் பிராஞ்ச். யார் கேட்டாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வேன். 2002இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் சேர்ந்தவர். அங்கே குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. 2005 பிப்ரவரியில் நடந்த 39ஆவது சூப்பர் பவுலில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், 11 பந்துகளைப் பிடித்து 133 யார்டு எடுத்து, ஆட்டநாயகன் விருது வாங்கினார். 2006இல் சம்பளத் தகராறு வந்து முகாமுக்கே வரவில்லை. அணி அவரை சியாட்டில் சீஹாக்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை வாங்கிக்கொண்டது (அணிகள் வருடாவருடம் கல்லூரி வீரர்களை வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட்).

சியாட்டிலில் காயங்கள் துரத்தின. பழைய பிராஞ்ச் வெளியே வரவே இல்லை. 2010 அக்டோபரில், 31 வயதில், ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு பேட்ரியாட்ஸ் அவரைத் திரும்ப வாங்கியது. முதல் சுற்றுக்குப் போனவர் நான்காம் சுற்றுக்கு வருகிறார் என்றால், சந்தை அவரை எப்படிப் பார்த்தது என்று புரியும்.

திரும்பிய முதல் ஆட்டம் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக. பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு வாரம்கூட இல்லை. 9 பந்துகள், 98 யார்டு, ஒரு டச்டவுன். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 23-20 என்று வென்றது. அந்தப் பருவத்தில் பேட்ரியாட்ஸுக்கு ஆடிய 11 ஆட்டங்களில் 48 பந்துகள், 706 யார்டு, 5 டச்டவுன். அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே அளவு: 51 பந்துகள், 702 யார்டு. அவரை 'முடிந்துபோனவர்' என்று சொன்ன எல்லோருக்கும் இதைவிட நேரான பதில் கிடையாது.

6. "ராண்டி மாஸும் அதே வருஷம்தானே திரும்பினார்? அவருக்கு என்ன ஆச்சு?"

அதே வருடம், அதே மாதம். பிராஞ்சுக்கு இடம் காலியானதே மாஸ் போனதால்தான். 2007இல் பேட்ரியாட்ஸுக்காக 23 டச்டவுன் பிடித்துச் சாதனை படைத்த மாஸை, 2010 அக்டோபர் தொடக்கத்தில் அந்த அணி மினசோட்டா வைக்கிங்ஸுக்கு அனுப்பியது. வைக்கிங்ஸ் அவருடைய முதல் அணி. 1998 டிராஃப்டில் 21ஆவதாக எடுத்து, முதல் பருவத்திலேயே 17 டச்டவுன் பிடித்த ஊர். இப்போது வயது 33.

வைக்கிங்ஸுக்கு அவசரம் இருந்தது. முன்னணி ரிசீவர் சிட்னி ரைஸ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட முடியாமல் இருந்தார். முதல் ஆட்டம் திங்கட்கிழமை இரவு, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக. பிரெட் ஃபார்வ் எறிந்த 37 யார்டு பந்தை மாஸ் டச்டவுனுக்குப் பிடித்தார். அது ஃபார்வின் 500ஆவது டச்டவுன் பாஸ். எல்லோருக்கும் பழைய நாள் திரும்பியது போலிருந்தது. ஆனால் ஆட்டத்தில் வைக்கிங்ஸ் தோற்றது.

அதன்பின் ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துகொண்டே போனது. நான்காவது ஆட்டம் பேட்ரியாட்ஸின் மைதானத்தில். ஒரே ஒரு பந்து, 8 யார்டு. அன்று செய்தியாளர்கள் முன் நின்று பேட்ரியாட்ஸையும் அங்கிருந்த பழைய தோழர்களையும் மனதாரப் புகழ்ந்தார். மறுநாளே அவரை விடுவிப்பதாகப் பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ் வீரர்களிடம் சொல்லிவிட்டார். நான்கு ஆட்டங்கள், 13 பந்துகள், 174 யார்டு, 2 டச்டவுன். அந்த மாதமே சில்ட்ரெஸும் வேலை இழந்தார்.

7. "ஒரே மாசம், ரெண்டு பேர். ஒருத்தருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு ஏன் நடக்கல?"

திறமையை வைத்துப் பார்த்தால் மாஸ் பல படி மேலே. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. அப்படியிருந்தும் பிராஞ்ச்தான் பிழைத்தார். காரணம், அவர் திரும்பிய இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தன: அதே பிரேடி, அதே பயிற்சியாளர் பில் பெலிசிக், ரூட்களுக்கு அதே பெயர்கள். முதல் பதிலில் சொன்ன அந்த அரை நொடிக் கணக்கு இருவருக்கும் முன்பே மனப்பாடம். நான்கு வருடம் பிரிந்திருந்தாலும் அதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மாஸ் திரும்பியபோது வைக்கிங்ஸின் ஊதா ஜெர்சி மட்டும்தான் பழையது. அவர் 1998 முதல் 2004 வரை அங்கே ஆடியபோது இருந்த பயிற்சியாளர்கள் டெனிஸ் கிரீனும் மைக் டைஸும். பந்து எறிந்தவர்களில் முக்கியமானவர் டான்டே கல்பெப்பர். பக்கத்தில் ஓடியவர் கிரிஸ் கார்ட்டர். 2010இல் அவர்களில் ஒருவரும் இல்லை. சில்ட்ரெஸ் 2006இல் வந்தவர், ஃபார்வ் 2009இல் வந்தவர். ஆக, மாஸ் அதே ஊரில் இருந்த ஒரு புதிய அணியில் சேர்ந்தார் என்பதுதான் உண்மை. போதாக்குறைக்கு ஃபார்வ் 41 வயதில் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. பிராஞ்சிடம் எதிர்பார்த்தது நடுத்தர தூரத்தில் நம்பிக்கையாக ஐந்தாறு பந்து பிடிப்பது. மாஸிடம் எதிர்பார்த்தது தோற்றுக்கொண்டிருந்த ஒரு பருவத்தையே திருப்பிக் கொடுப்பது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம் முதலாவதுக்குச் சமமாகவே முக்கியம். மூத்த வீரருக்கு ஒரு வேலை கொடுத்தால் செய்வார். ஒரு அணியையே தூக்கி அவர் தலையில் வைக்கக் கூடாது.

8. "ஊரே கொண்டாடினா அந்த உற்சாகத்துல ஆட முடியாதா?"

ஒரு நாள் ஆடலாம், அதற்கும் டீஷான் ஜாக்சனே உதாரணம். 2019 செப்டம்பர், பருவத்தின் முதல் ஆட்டம், பிலடெல்பியாவில் வாஷிங்டனுக்கு எதிராக. ஈகிள்ஸ் 17-0 என்று பின்தங்கியிருந்தது. 32 வயது ஜாக்சன் 50 யார்டுக்கு மேற்பட்ட இரண்டு டச்டவுன்கள் பிடித்தார். மொத்தம் 8 பந்துகள், 154 யார்டு. ஈகிள்ஸ் 32-27 என்று வென்றது. இதே ஊரில் 2010இல் சேர்ந்தாற்போல இரண்டு மூன்று பேரைப் பின்தள்ளி ஓடிய அந்தப் பழைய பையனே திரும்பி வந்துவிட்டான் என்று மைதானம் அதிர்ந்தது.

அடுத்த வாரம் அட்லான்டாவில் வயிற்றுத் தசையில் காயம். ஆறு ஆட்டங்கள் வெளியே இருந்தார். நவம்பரில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக இறங்கினார், ஒரே ஒரு பந்து, 5 யார்டு, மறுபடி வெளியே. பிறகு அறுவை சிகிச்சை. அந்தப் பருவம் முழுவதற்கும் அவர் கணக்கு 9 பந்துகள், 159 யார்டு. அதில் 154 யார்டு முதல் நாளில் வந்தது.

3ஆம் கேள்வியில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். ஜாக்சன் வேகத்தால் வாழ்ந்தவர். ஒரு பந்துக்குச் சராசரி எத்தனை யார்டு என்ற கணக்கில் 2010, 2014, 2016, 2018 என நான்கு பருவங்களில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். 2020இலும் வேகம் போய்விடவில்லை, டிசம்பரில் டாலஸுக்கு எதிராக 81 யார்டு டச்டவுன் ஒன்று பிடித்தார். அப்போது வயது 34. ஆனால் அந்தப் பருவத்தில் அவரால் இறங்க முடிந்தது 5 ஆட்டங்களுக்கு மட்டும். 2021 பிப்ரவரியில் அணி அவரை விடுவித்தது.

9. "அவர் இல்லாட்டி வேற ஆள் பிடிப்பார். டீமுக்கு அதுல என்ன பெரிய நஷ்டம்?"

நஷ்டம் பெரிது. ஜாக்சன் போன்ற ஆள் மைதானத்தில் நின்றாலே எதிரணியின் கடைசித் தடுப்பாளர் பின்வாங்கித்தான் நிற்பார். அதனால் முன்னால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். ஈகிள்ஸ் 2019இல் தன் தாக்குதல் முழுவதையும் அந்தக் கணக்கில் கட்டியிருந்தது. அவர் விழுந்ததும், மற்ற ரிசீவர்களும் ஒவ்வொருவராகக் காயமடைய, அந்தப் பருவத்தில் ஈகிள்ஸின் ரிசீவர் ஒருவர்கூட 500 யார்டைத் தொடவில்லை. குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அப்படியும் 4,000 யார்டைத் தாண்டினார். அந்த உழைப்புக்கு உரிய பாராட்டு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

மூத்த வீரரைக் கூப்பிடுவதில் தவறில்லை. அவர் விழுந்தால் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கூப்பிடுவதுதான் தவறு.

10. "வேகத்தை நம்பினவங்க எல்லாருமே இப்படித்தானா?"

இல்லை, டெட் ஜின் இருக்கிறார். 2007 டிராஃப்டில் மயாமி டால்ஃபின்ஸ் 9ஆவதாக எடுத்த ஓட்டக்காரர். அந்த இடத்துக்கு ஏற்ற ஆட்டத்தை அவர் எங்கும் காட்டவில்லை. 2013இல் கரோலைனா பாந்தர்ஸில் ஒரு வருடம், 5 டச்டவுன். 2014இல் அரிசோனாவுக்குப் போய் 14 பந்துகளோடு முடித்தார். 2015 மார்ச்சில் மறுபடி கரோலைனா.

ஆகஸ்டில் அந்த அணியின் முதல் ரிசீவர் கெல்வின் பெஞ்சமினுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஜின்னுக்கு நினைத்ததைவிடப் பெரிய வேலை வந்தது. 30 வயதில் 44 பந்துகள், 739 யார்டு, 10 டச்டவுன். அதற்குமுன் எந்தப் பருவத்திலும் 5ஐத் தாண்டாதவர். குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார், அணி 15 வெற்றி, 1 தோல்வி என்று முடித்து சூப்பர் பவுல் வரை போனது. ஜின் கைநழுவவிட்ட பந்துகளும் நிறைய. ஆனால் ஆழமாக ஓடு, மேலே எறிகிறேன் என்ற ஒரே வேலையை அவருக்குக் கொடுத்தார்கள், உடம்பும் ஒத்துழைத்தது. உடம்பு ஒத்துழைப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

11. "கீனன் ஆலன் சார்ஜர்ஸுக்குத் திரும்பினது வெற்றியா? யார்டு முன்னைவிடக் குறைவுதானே?"

என் கணக்கில் வெற்றிதான். 2013 முதல் 2023 வரை சார்ஜர்ஸில் மட்டுமே ஆடியவர். கடைசிப் பருவத்தில் 13 ஆட்டங்களிலேயே 108 பந்துகள், 1,243 யார்டு. ஆனாலும் சம்பள வரம்புச் சிக்கலில் 2024 மார்ச்சில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு பேர்ஸுக்கு அனுப்பப்பட்டார். 2025 ஆகஸ்டில், 33 வயதில், ஒரு வருட ஒப்பந்தத்தில் திரும்பினார். முதல் ஆட்டம் பிரேசிலின் சாவோ பாவ்லோவில், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக. 7 பந்துகள், ஒரு டச்டவுன், சார்ஜர்ஸ் வெற்றி. அந்தப் பருவத்திலேயே 1,000 பந்துகள் என்ற மைல்கல்லைத் தாண்டினார், சார்ஜர்ஸ் வரலாற்றில் அதிகப் பந்து பிடித்தவர் என்ற இடத்தை அன்டோனியோ கேட்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

யார்டு குறைந்தது உண்மை, ஆயிரத்தைத் தொடவில்லை. ஆனால் 33 வயதுக்காரரை 31 வயது உச்சத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. நாலு வாய்ப்பில் மூன்றாவது வாய்ப்பு, இன்னும் ஆறு யார்டு வேண்டும் என்ற நெருக்கடியில் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் யாரைத் தேடினார் என்று பாருங்கள். பயிற்சியாளர் ஜிம் ஹார்பா ஆலனுக்குப் புதியவர். ஹெர்பர்ட் புதியவரில்லை, 2020 முதல் நான்கு பருவம் சேர்ந்து ஆடியவர். 7ஆம் பதிலின் பிராஞ்ச் கணக்கேதான் இதுவும். ஆலன் நுட்பத்தால் வாழ்பவர் என்பதும் சேர்ந்துகொண்டது.

12. "அப்போ ஆடம் தீலன்? சொந்த ஊர், அதே கோச், அவருக்கு ஏன் நடக்கல?"

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. தீலன் மினசோட்டாவிலேயே பிறந்து, அங்கேயே கல்லூரி படித்து, டிராஃப்டில் யாரும் எடுக்காமல், தேர்வுமுகாம் வழியாக 2013இல் வைக்கிங்ஸில் நுழைந்தவர். 2018 பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து 100 யார்டு எடுத்தவர். கரோலைனாவில் இரண்டு பருவம் ஆடிவிட்டு, 2025 ஆகஸ்ட் கடைசியில், 35 வயதில் திரும்பினார். அணியின் இன்னொரு ரிசீவர் ஜோர்டன் அடிசனுக்கு முதல் மூன்று ஆட்டங்கள் தடை. அதுதான் உடனடிக் காரணம்.

பயிற்சியாளர் கெவின் ஓகானல் தெரிந்தவர், பிளேபுக் தெரிந்தது. ஆனால் பந்து எறிந்த கை வேறு. பழைய நாட்களில் எறிந்தவர் கர்க் கஸின்ஸ். இப்போது இருந்தவர் ஜே.ஜே. மெக்கார்த்தி, அப்போதுதான் முதல்முறையாகப் பொறுப்பேற்ற இளைஞர். இளம் குவார்ட்டர்பேக் நெருக்கடியில் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேட மாட்டார், பார்வை முதல் ஆளோடு நின்றுவிடும். முதல் ஆள் ஜஸ்டின் ஜெஃபர்சன். தடை முடிந்து அடிசனும் வந்துவிட்டார். தீலனை எந்த ஓட்டைக்காகக் கூப்பிட்டார்களோ அது மூன்று வாரத்தில் அடைபட்டது. பருவம் முழுக்க அங்கே அவர் பிடித்த பந்துகள் பத்தைத் தொடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அணி விடுவித்தது, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்துக்கொண்டது.



13. "குவார்ட்டர்பேக் கேட்டார்னு ஆளைக் கூட்டிவர்றது சரியா? ராட்ஜர்ஸ் - காப் விஷயத்துல அதானே நடந்தது?"

ஆமாம், அதுதான் நடந்தது. 2021இல் கிரீன் பே பேக்கர்ஸ் நிர்வாகத்தோடு அதன் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸுக்கு மனக்கசப்பு. சமாதானத்தின் ஒரு பகுதியாக, 2018 வரை அங்கே ஆடிய ரிசீவர் ராண்டல் காபை ஹூஸ்டனிலிருந்து ஆறாம் சுற்று வாய்ப்புக்கு வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் 28 பந்துகள், 375 யார்டு, 5 டச்டவுன். நவம்பரில் காயம்.

இதை வெறும் நட்புக்காகச் செய்த சலுகை என்று சிலர் கசப்பாகச் சொல்வார்கள். 28 பந்துகளில் 5 டச்டவுன் என்றால், எல்லைக்கு அருகே நெருக்கடி வரும்போது ராட்ஜர்ஸ் அவரை நம்பி எறிந்திருக்கிறார் என்று அர்த்தம். கொடுத்த விலைக்கு அது போதும். இளைஞர் ஒருவரின் வளர்ச்சியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

14. "பழைய டீம்னா குறைஞ்ச சம்பளத்துக்கு வருவாங்களா? சீசன் தொடங்கினப்புறம் ஏன் சேர்க்கிறாங்க?"

ஒவ்வொரு அணிக்கும் மொத்தச் சம்பள வரம்பு உண்டு. 2025இல் அது 279.2 மில்லியன் டாலர். அதனால் மூத்தவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம், அடிப்படைச் சம்பளம் குறைவு, ஆட்டத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை என்று அமைப்பார்கள். ஆலனின் ஒப்பந்தம் அப்படித்தான், எல்லாம் கைகூடினால் 8.52 மில்லியன் டாலர் வரை. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரும் மூத்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: முழுச் சம்பளமும் கைக்கு வரும், ஆனால் வரம்புக் கணக்கில் இரண்டு வருட அனுபவக்காரரின் தொகை மட்டும் ஏறும். அனுபவம் விலை அதிகம் என்பதற்காகவே அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு.

சீசன் தொடங்கிய பிறகு சேர்ப்பதற்குக் காரணம் 2ஆம் பதிலில் சொன்ன நான்கு பருவ உரிமை. அந்த உரிமை உள்ளவர் முதல் வார ஆட்டத்தின்போது அணிப் பட்டியலில் இருந்தால், பிறகு அனுப்பினாலும் அந்த வருட அடிப்படைச் சம்பளத்தைக் கேட்டு வாங்க முடியும். ஒரு வாரம் தள்ளிச் சேர்த்தால் அந்தப் பொறுப்பு பெருமளவு குறைந்துவிடும். முதல் வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை மூத்தவர்கள் பெயர் செய்தியில் அடிபடுவது இதனால்தான்.

15. "மாஸை விட்டாங்கன்னா அவர் பிடிச்ச டீமுக்குப் போயிருக்கலாமே, ஏன் டென்னசிக்குப் போனார்?"

நான்கு பருவம் முடித்தவரை வழக்கமாக விடுவித்தால் அவர் உடனே சுதந்திர வீரர், யாரோடும் பேசலாம். 2014 ஏப்ரலில் ஜாக்சன் அப்படித்தான் வாஷிங்டனுக்குப் போனார். ஆனால் டிரேட் கெடு முடிந்த பிறகு பருவ நடுவில் விடுவித்தால், எல்லா அணிகளுக்கும் அவரைக் கேட்கும் உரிமை வரிசைப்படி உண்டு. இதற்கு வேவர்ஸ் என்று பெயர். கேட்கும் அணி அவருடைய பழைய ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கும், வீரருக்கு மறுக்க வழியில்லை. மாஸை விட்டது நவம்பரில், கெடு முடிந்திருந்தது. டென்னசி டைட்டன்ஸ் மட்டும் கேட்டது. அங்கே 8 ஆட்டங்களில் 6 பந்துகள். தீலன் பிட்ஸ்பர்க் போனதும் இதே வழியில்தான்.

16. "பிராக்டிஸ் ஸ்குவாட்ல சேர்ந்தார்னா, முடிஞ்சதுன்னு அர்த்தமா?"

இல்லை. பிராக்டிஸ் ஸ்குவாட் என்பது முதன்மை அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் துணைக் குழு. முன்பு அது இளைஞர்களுக்கான இடம். 2020இலிருந்து எவ்வளவு அனுபவம் உள்ளவரையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளலாம். மூத்தவர் உடம்பைத் தயார்செய்ய அது நல்ல வழி. ஜாக்சன் 2022இல் ரேவன்ஸில் அப்படித்தான் நுழைந்து, பிறகு முதன்மை அணியில் ஆடினார்.

17. "திரும்பி வந்து சரியா ஆடாட்டி, பழைய பேரும் கெட்டுப்போயிடாதா?"

கெடாது. மாஸை நான்கே ஆட்டத்தில் வெளியே அனுப்பிய அதே வைக்கிங்ஸ், 2017இல் தன் கௌரவ வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. 2018இல் ஆட்டத்தின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு வருடம் ஓய்வெடுத்து, 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு ஆடி, சூப்பர் பவுல் வரையும் போனார். அங்கே அவருக்குக் கொடுத்தது சிறிய வேலை, 28 பந்துகள், 434 யார்டு. அதை ஒழுங்காகச் செய்தார்.

18. "ஒரு நாள் ஒப்பந்தம் போட்டுத் திரும்பினார்னு நியூஸ் வந்தா, மறுபடி ஆடப் போறார்னு நினைக்கலாமா?"

வேண்டாம், அது ஓய்வு அறிவிப்பு. பழைய அணியின் வீரராகவே விடைபெற வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு அணி செய்யும் மரியாதை. ஜாக்சன் 2023இல் ஈகிள்ஸோடு அப்படிக் கையெழுத்திட்டு ஓய்வுபெற்றார். ஆட்டம் எதுவும் இல்லை, களமிறங்கும் திட்டமும் இல்லை. உண்மையான திரும்புதலா என்று அறிய, செய்தியில் பருவத்துக்கான ஒப்பந்தம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 7ஆம் பதிலில் பார்த்தவற்றை அவருக்கும் பொருத்திப் பார்க்கத் தொடங்கலாம்.